காது குத்திய இடத்தில் ஒரு முடிச்சு

காது குத்தி மூன்று வாரம் ஆகியிருக்கும். வீக்கம் வடிந்து, இனிக் கவலையில்லை என்று நினைக்கும் நேரத்தில் துளையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்ன முடிச்சு தலைகாட்டும். மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து வை என்பார் பாட்டி. சுண்ணாம்பு தடவினால் சுருங்கிவிடும் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. யூடியூபில் ஒருவர் ஆஸ்பிரின் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காட்டுவார். எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: ‘எனக்குப் போயிடுச்சு.’ அவர்கள் பொய் சொல்லவில்லை. போனது உண்மைதான். ஆனால் போனது எந்த முடிச்சு?

காது குத்திய இடத்தில் எழும் மேடுகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. பெரும்பாலானவை எரிச்சலால் வருபவை. எரிச்சலுக்குக் காரணமானதை நீக்கினால் எதையும் பூசாமலே அடங்கிவிடும். கைவைத்தியங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயர் அத்தனையும் இந்த வகை முடிச்சுகள் வாங்கிக் கொடுத்தது. கீலாய்டு என்பது வேறு. அது எந்தச் சமையலறைப் பொருளுக்கும் அசைந்து கொடுப்பதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், முதலாவதை ‘குணப்படுத்திய’ மருந்தை இரண்டாவதன் மேல் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அதற்குள் பட்டாணி அளவு இருந்தது நெல்லிக்காய் அளவாகிவிடுகிறது.

வித்தியாசம் புரிய, காயம் எப்படி ஆறுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஊசி பாய்ந்த சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து வெட்டு அடைபடுகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த செல்களையும் அகற்றுகின்றன. அந்த நேரத்துச் சிவப்பும் சூடும் இயல்பானவை, சீழ் பிடித்ததற்கு அடையாளம் அல்ல. பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவசரத்துக்கு முதலில் போடப்படுவது மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன். அதைப் பிரித்தெடுத்துவிட்டு உறுதியான முதலாம் வகையை இழைக்கும் வேலை மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் நடக்கும். இத்தனை செய்தும், ஆறிய தழும்பு பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டுகிறது.

காது குத்துவதில் இதற்கு மேல் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற காயங்களை மூடவிடுகிறோம். இங்கே மூடவிடாமல் நடுவில் ஒரு கம்பியைச் செருகிவைக்கிறோம். தோல் வேறு வழியில்லாமல் கம்பியைச் சுற்றி இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, துளைக்குச் சுவர் கட்டுகிறது. காதின் கீழ்ச்சதையில் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முருகும் கொப்பும் போடுகிற மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய்களே கிடையாது, சுற்றியுள்ள மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம் கசிந்து வரவேண்டும். ஆகவே அங்கே ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். இத்தனை நாளும் தலையணை அழுத்தும், ஹெல்மெட் இடிக்கும், சீப்பு மாட்டும், துப்பட்டா இழுக்கும். ‘தோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வப்போது திருகிவிடு’ என்ற பழைய அறிவுரை வேறு. ஒவ்வொரு திருகலும் பாதி கட்டிய சுவரைக் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் உடல் கூடுதலாகத் திசுவைப் போட்டு அடைக்கிறது. முடிச்சு இப்படித்தான் பிறக்கிறது.

இந்த எரிச்சல் முடிச்சும், அதன் சற்று முற்றிய வடிவமான தடித்த தழும்பும் துளையின் எல்லைக்குள்ளேயே நிற்கும். சில வாரங்களில் தோன்றும், சில மாதம் பெரிதாகும், பிறகு மெல்லத் தணியும். கீலாய்டு எல்லை மீறும். ஊசி பட்ட இடம் ஒரு கடுகளவே என்றாலும், காயத்தோடு சம்பந்தமே இல்லாத நல்ல தோலுக்குள் நகர்ந்து வளரும். கட்டடம் முடிந்த பிறகும் கலைந்துபோகாமல், பக்கத்து மனையிலும் செங்கல் அடுக்கிக்கொண்டே போகும் கூலியாட்கள் மாதிரி அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள். ‘நிறுத்து’ என்ற சமிக்ஞை அவற்றுக்கு எட்டுவதில்லை. ‘இன்னும் போடு’ என்று சொல்லும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நேரமும் ஒரு துப்பு. கீலாய்டு பெரும்பாலும் மூன்று மாதம் கழித்துத்தான் வரும், ஓராண்டு கழித்துக்கூட வரலாம். துளை நன்றாக ஆறி, தோடுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், காதின் பின்பக்கத்தில் கெட்டியாக, வழுவழுப்பாக, அரிப்போடு ஒன்று உருண்டு வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இதன் மூலகாரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்பதற்கு ஒரு சுவாரசியமான பின்னணி உண்டு. மனிதரைத் தவிர வேறு எந்த விலங்குக்கும் கீலாய்டு இயல்பாக வருவதில்லை. எலியில் வராத நோயை எலியில் சோதிக்க முடியாது. ஆகவே மனிதத் திசுவையும் மரபணுவையும் தேடித்தான் போகவேண்டியிருக்கிறது. 2010ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கீலாய்டு உள்ளவர்களின் மரபணுத் தொகுதியைத் துழாவி, அதனோடு தொடர்புடைய சில இடங்களைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் வழிவழியாக வருவதும், வெளிர்நிறத் தோலைவிடக் கருத்த, மாநிறத் தோலில் அதிகம் வருவதும் நெடுங்காலமாகத் தெரிந்தவை. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் அதிகம். கர்ப்பகாலத்தில் சிலருக்குப் பெரிதாகும். தோல் இழுபடும் இடங்களான நடுமார்பு, தோள்பட்டை ஆகியவை அதற்குப் பிடித்தமானவை, கண்ணிமையில் அநேகமாக வருவதே இல்லை. இந்த இழுவிசைக் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, காதுச்சதை வந்து அதைக் கெடுக்கும்வரை. அங்கே அப்படியொன்றும் இழுவிசை இல்லை. தோட்டின் கனமும் திரும்பத் திரும்ப வரும் தொற்றும் எரிச்சலும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன என்பது ஒரு விளக்கம்.

வீட்டில் செய்யக்கூடிய முதல் காரியம், இடது தோளைப் பார்த்துக்கொள்வது. குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இருந்தால் ஓரளவு நிம்மதி. அது தடித்து, பளபளத்து, ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவியிருந்தால் உங்கள் தோல் எந்த வகை என்பதை அது முன்பே சொல்லிவிட்டது. மார்பில் பரு வந்து மறைந்த இடங்கள் மேடாகியிருக்கின்றனவா, அம்மாவுக்கோ சித்திக்கோ அப்படி ஏதேனும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, போனில் படம் எடுப்பது. முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், காதின் முன்னும் பின்னும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது. மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்கள் பாதி வேலையை முடித்துவிடும்.

கீலாய்டும் இல்லாமல் எரிச்சல் முடிச்சும் இல்லாமல் வேறு சிலவும் உண்டு. ஈரமாக, ரத்தச் சிவப்பாக, தொட்டாலே கசிவது ஒன்று. அளவுமீறி வளர்ந்த புதுத்திசு அது, மருத்துவர் எளிதில் அகற்றிவிடுவார். காதுச்சதைக்கு உள்ளே கோலிக்குண்டாக உருளுவது பெரும்பாலும் நீர்க்கட்டி போன்ற ஒரு பை. அதைப் பிதுக்கினால் நாற்றமடிக்கும் வெண்ணெய்ப் பசை வரும், பை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். திருகாணியை இறுக முடுக்கிவிட்டு, வீங்கிய சதைக்குள் அது புதைந்துபோன பிள்ளைகளும் உண்டு. ‘கட்டி’ என்று கூட்டி வருவார்கள். உள்ளே இருப்பது திருகாணி.

எரிச்சல் முடிச்சுதான் என்று தோன்றினால் செய்ய வேண்டியது ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சாதாரணமானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காதைத் தொடக்கூடாது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியை வைத்து, காய்ந்த பொருக்கு இளகியதும் ஒற்றி எடுத்தால் போதும். உப்புநீர் என்றதும் கைக்கு வந்த அளவு உப்பை அள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. உடலின் நீர்மங்களுக்கு ஒத்த அளவு லிட்டருக்கு 9 கிராம்தான். அதைவிடக் கூடினால் புதுத்தோல் வறண்டு வெடிக்கும். மருந்துக் கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் கிருமி நீக்கியதாகவே கிடைக்கும். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காமல் இருப்பதும், திருகாணியைச் சற்றுத் தளர்த்துவதும் எந்தக் களிம்பையும்விட அதிக வேலை செய்யும். காரணம் நீங்கிவிட்டால் சில வாரங்களில் முடிச்சு தணியத் தொடங்கும்.

உலோகத்தையும் கவனிக்க வேண்டும். கவரிங் நகைகளில் உள்ள நிக்கல், தோல் அலர்ஜிக்குப் பேர்போனது. ஐரோப்பிய ஒன்றியம் துளைக்குள் செருகும் கம்பியிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறது. நம் ஊர் 916 தங்கத்தில் சேரும் கலப்பு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் என்பதால் ஆபத்து குறைவு. ‘ஒயிட் கோல்டு’ என்று விற்பதில் நிக்கல் இருக்க வாய்ப்புண்டு. உள்வைப்புத் தரத்து டைட்டானியமும் நல்ல தேர்வு. காது குத்தும் வழக்கமான ஆசாரி மெல்லிய தங்கக் கம்பியைக் கோத்துவிட்டது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று இதைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

செய்யக்கூடாதவற்றில் முதலிடம் நூல் கட்டுவதற்கு. மருவுக்கு நூல் கட்டி உதிரவைத்த அனுபவத்தை அப்படியே கீலாய்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மருவுக்கு மெல்லிய காம்பு உண்டு. கீலாய்டுக்கு அகன்ற அடி. நூல் இறுகினால் மேல்பகுதி அழுகி விழும், அடிப்பகுதியில் புதுக்காயம் திறக்கும், அந்தக் காயத்தின்மேல் முன்னைவிடப் பெரிய கீலாய்டு எழும். புதுக்காயம்தான் அதன் உணவு என்பதை மறக்கக்கூடாது. சுண்ணாம்பும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் ஆஸ்பிரின் பசையும் தோலைப் புண்ணாக்கும் என்பதால் அவையும் இதே கணக்கில் சேரும். மஞ்சள் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அதிலுள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் அழற்சியைக் குறைப்பது உண்மை. ஆனால் தோலைத் தாண்டி உள்ளே அது போவது மிகச் சொற்பம். திறந்த துளையில் அரவைமில் தூளைத் திணித்தால் உள்ளே போவது தூசியும் கிருமியும்தான். வைட்டமின் ஈ எண்ணெயை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1999ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வில், அது தழும்பின் தோற்றத்தை மேம்படுத்தவில்லை, பூசியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அலர்ஜி வந்தது.

வீட்டிலிருந்தபடியே பயன்படுத்தக்கூடிய, ஓரளவு ஆதாரமும் உள்ள பொருள் சிலிகான். 1980களின் தொடக்கத்தில் தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படத் தொடங்கி, பிறகு எல்லா வகை மேட்டுத் தழும்புகளுக்கும் பரவியது. அது தோலுக்குள் எதையும் செலுத்துவதில்லை என்பதுதான் அதன் வினோதம். வேலை செய்வது அதன் மூடாக்கு. புதிய தழும்பின் மேல்தோல் சரியாக மூடப்படாததால் ஈரம் தப்பித்துக்கொண்டே இருக்கிறது. வறண்ட மேல்செல்கள் கீழேயுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு ‘இன்னும் ஆபத்து நீங்கவில்லை’ என்று செய்தி அனுப்புகின்றன. சிலிகான் படலம் ஈரத்தைத் தடுத்து நிறுத்தியதும் அந்தச் செய்தி தணிகிறது. இப்படித்தான் இப்போது கருதப்படுகிறது. தாளாகவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. காது வளைவுக்கு ஜெல் வசதி: காலையும் மாலையும் மெல்லிய பூச்சு, காயும்வரை தொடாமல் விடுவது. தாள் என்றால் நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும், தாளையும் தோலையும் தினமும் கழுவ வேண்டும். இரண்டுமே ஆறாத துளையின்மேல் கூடாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பலனைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், இளம் தழும்பைத் தட்டையாக்கவும், அறுவைக்குப் பின் திரும்ப வராமல் தடுக்கவும் உதவும். முற்றி நிற்கும் கீலாய்டை சிலிகான் மட்டும் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆய்வுகளின் தரமும் அவ்வளவு உயர்ந்ததல்ல.

இன்னொன்று அழுத்தம். காதுச்சதை இதற்கென்றே அமைந்த மாதிரி: இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தலாம். தழும்புத் திசுவின் நுண்குழாய்களில் ரத்தம் குறைந்தால் அங்குள்ள செல்கள் சோர்ந்து கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும் என்பது கணக்கு. சுமார் 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இதற்குப் போதும் என்று பழைய நூல்கள் சொல்லும். இதற்கென்றே தட்டையான வட்டத் தகடுகள் உள்ள அழுத்தத் தோடுகள், காந்தத் தோடுகள் இருக்கின்றன. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், ஆறு மாதமோ ஓராண்டோ போடவேண்டும். பெரும்பாலும் ஊசியோ அறுவையோ செய்த பிறகு துணை சிகிச்சையாகத்தான் தருகிறார்கள். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதன் விசைக்கு அளவே கிடையாது, சதை வெளுத்து மரத்துப் புண்ணாகும்.

கீலாய்டு என்று உறுதியானால் தோல் மருத்துவரிடம் முதலில் கிடைப்பது டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் செறிவில், மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கட்டிக்கு உள்ளேயே செலுத்துவார்கள். கெட்டித் திசுவுக்குள் மருந்தைப் புகுத்துவதால் நன்றாகவே வலிக்கும். அரிப்பு முதலில் அடங்கும், பிறகு மேடு தணியும். ஊசி போட்ட இடம் சிலருக்கு வெளுத்துப்போகலாம்; மாநிறத்தில் அது பளிச்சென்று தெரியும் என்பதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இதற்கு மாற்றாகாது. அது தடித்த கட்டிக்குள் போகாமல், சுற்றியுள்ள நல்ல தோலை மெலியச் செய்துவிடும். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு, வெளுப்பு அதிலும் வரும்.

‘அறுத்து எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது’ என்று கேட்பவர்களுக்குத்தான் கடைசியில் அதிக ஏமாற்றம். வெறுமனே அறுத்தால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வந்ததாகப் பழைய பதிவுகள் காட்டுகின்றன. அறுப்பதும் ஒரு புதுக்காயம்தானே. அதனால் அறுத்த கையோடு ஸ்டீராய்டு ஊசியோ அழுத்தத் தோடோ, பிடிவாதமான கட்டிகளுக்கு ஓரிரு நாளுக்குள் தொடங்கும் கதிர்வீச்சோ சேர்த்தே திட்டமிடுவார்கள். இப்படிச் சேர்த்துச் செய்யும்போது உடலின் மற்ற இடங்களைவிடக் காதுச்சதைதான் நன்றாக ஒத்துழைக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. மேல்காதில் குத்தியபின் மடல் முழுதும் சிவந்து, சுட்டு, தொடமுடியாமல் வலித்து, கீழ்ச்சதை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்பு உறைத் தொற்று. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இதில் வழக்கமான குற்றவாளி. நாமாக வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின் அதைக் கொல்லாது. 2000ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களிடையே இது கூட்டமாகப் பரவியது. விசாரித்தபோது கிருமிநாசினி பாட்டிலிலேயே அந்தக் கிருமி இருந்தது தெரிந்தது. ‘கன் ஷாட்’ எனப்படும் துப்பாக்கி, கம்பியை மோதிச் செலுத்துவதால் குருத்தெலும்பை நசுக்கும். அங்கே உள்ளீடற்ற ஊசிதான் ஏற்றது.

சுசுருத சம்ஹிதை குழந்தைக்கு ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் காது குத்தச் சொல்கிறது. நம் ஊரிலும் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, பெரும்பாலும் பேச்சு வருவதற்கு முன்பே குத்திவிடுகிறோம். கீலாய்டைப் பொறுத்தவரை இந்த வழக்கத்துக்கு ஒரு எதிர்பாராத ஆதரவு உண்டு. 2005ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், 11 வயதிலோ அதற்குப் பிறகோ குத்திக்கொண்டவர்களில் 80 சதவீதத்தினருக்குக் கீலாய்டு வந்திருந்தது. அதற்கு முன் குத்திக்கொண்டவர்களில் 23.5 சதவீதம். ஏற்கெனவே கீலாய்டு உள்ள முப்பத்திரண்டு பேரிடம் கேட்டது என்பதால் இந்தச் சதவீதத்தைப் பொதுமக்களுக்குப் பொருத்தக்கூடாது. குடும்பத்தில் கீலாய்டு இருந்தால் குத்தாமல் இருப்பதைப் பற்றி யோசியுங்கள், குத்தியே ஆகவேண்டும் என்றால் சிறுவயதிலேயே குத்திவிடுங்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. இன்று தோல் மருத்துவர்களிடம் வரும் காதுகளில் பல, கல்லூரிப் பருவத்தில் போட்ட இரண்டாம் துளையும் மேல்காதுத் துளையும் உள்ளவை என்பதோடு இது ஒத்துப்போகிறது.

ஒருமுறை காதில் கீலாய்டு வந்தவர்கள் அடுத்த துளையைத் தவிர்த்து, அழுத்திப் போடும் தோடுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பச்சை குத்துவதற்கும் இது பொருந்தும். சிசேரியனோ வேறு அறுவையோ வரும்போது, கேட்காவிட்டாலும் அறுவை மருத்துவரிடம் இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தையலை இழுவிசை குறைவாகப் போடுவதும், காயம் மூடியதும் சிலிகானைத் தொடங்குவதும், மூன்றாம் மாதத்தில் ஒருமுறை வரச்சொல்லிப் பார்ப்பதும் அவர் கையில் இருக்கிறது.